புதிய நூலை அறிவிக்கும்போது: தமிழ்ச் சிறு பதிப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் சிறு பதிப்பகத்தாருக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் புதிய நூல் அறிவிப்புகள் வரிசைகட்டி வரத் தொடங்கும். சென்னைப் புத்தகக் காட்சி திறக்கும் நாள்வரை அது ஓயாது. புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் நூற்பட்டியல் வேலையிலும் இருக்கும் நாங்கள் அவற்றை ஒன்றுவிடாமல் பார்க்கிறோம். எந்த நூலை எத்தனை பிரதி வாங்குவது, எந்த அடுக்கில் வைப்பது, கேட்டு வருகிறவருக்கு என்ன பதில் சொல்வது எல்லாமே எங்களுக்கு அந்த அறிவிப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. பெரிய பதிப்பகங்களுக்கு விற்பனைப் பிரதிநிதியும் அச்சிட்ட விலைப்பட்டியலும் உண்டு. உங்களுக்கு இருப்பது இந்த அறிவிப்பு ஒன்றுதான். அதை நம்பி ஒரு புத்தகத்தைப் பதிவுசெய்ய முடியாத நிலைதான் பெரும்பாலும் இருக்கிறது என்பதால் இந்த மடல்.

வழக்கமான அறிவிப்பு எப்படி இருக்கிறது? வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஒரு படம் வருகிறது. முப்பரிமாணத்தில் சாய்த்து நிறுத்திய அட்டை, மூலையில் ஆசிரியரின் படம், மேலே ‘விரைவில்’ அல்லது ‘முன்பதிவு தொடங்கியது’, கீழே ஒரு கைபேசி எண், சில நேரம் ஒரு க்யூ.ஆர். கட்டம். பக்க எண்ணிக்கை இல்லை. நாவலா கட்டுரைத் தொகுப்பா என்பதை அட்டையிலிருந்து ஊகிக்க வேண்டும். மொழிபெயர்ப்பு நூலாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பெயர் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும், சாய்த்த படத்தில் அதுவும் தெரியாது. எல்லாமே படத்துக்குள் இருப்பதால் தேடுபொறி எதையும் எடுத்துக் காட்டாது. பார்வைக் குறைபாடுள்ள வாசகரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் ‘படம்’. ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவைத் தேடினால் நீங்களே கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

இத்தனை விவரமும் உங்களிடம் இல்லாமல் இல்லை. நூலின் நான்காம் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு, ஆசிரியர், மொழி, உரிமை, முதல் பதிப்பு, அளவு டெமி 1/8, தாள் 18.6 கிலோ மேப்லித்தோ, எழுத்து 11 புள்ளி, பக்கங்கள், விலை, அச்சிட்டோர் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. அரசு நூலகங்கள் நூல் வாங்கத் தரும் ஆணைக்கு விண்ணப்பிக்கும் பழக்கத்தால் தமிழில் இந்த நூல் விவரப் பக்கம் நிலைத்துவிட்டது. மிக நல்ல பழக்கம் அது. அந்தப் பக்கத்தை அப்படியே எழுத்தாக, படமாக அல்ல, அறிவிப்பின் கீழே ஒட்டுங்கள் என்பதுதான் எங்கள் முதல் கோரிக்கை. நேரமில்லாதவர்கள் இந்த மடலை இதோடு நிறுத்திக்கொண்டு அதை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது.

இதை இப்போது வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் அச்சகங்களை ஒழுங்குபடுத்த வந்த காலனியச் சட்டம். ஆனால் அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு, மொழி, ஆசிரியர் அல்லது மொழிபெயர்ப்பாளர், பொருள், அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம், வெளியான நாள், பக்கங்கள், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதிகள், விலை, பதிப்புரிமை யாருடையது என்பவற்றைப் பதியச் சொன்னதும் அதே சட்டம்தான். அதன்படி சென்னை மாகாண அரசு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட்ட பட்டியல்களை வைத்துத்தான் நூறாண்டுக்கு முந்தைய ஒரு நாவல் எத்தனை பிரதி அச்சானது, என்ன விலைக்கு விற்றது என்று ஆய்வாளர்கள் இன்று சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் இயற்றிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரிலேயே தெரிவதுபோல் அது இதழ்களுக்கான சட்டம். புத்தகங்கள் அதில் இல்லை.

மிச்சமிருப்பது 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம். நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் தலா ஒரு பிரதியைப் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் 50 ரூபாய் வரை அபராதமும் நூலின் விலையும் என்கிறது சட்டம். இந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை, பலர் அனுப்புவதும் இல்லை. ஆனால் கொல்கத்தாவில் தயாராகும் இந்தியத் தேசிய நூற்பட்டியல் அப்படிப் போய்ச்சேரும் பிரதிகளை வைத்தே உருவாகிறது. 300 பிரதி அச்சிடும்போது நான்கு பிரதி பெரிதாகத் தோன்றலாம். இருபது வருடம் கழித்து எங்கும் கிடைக்காத உங்கள் நூல் கன்னிமாராவில் கட்டாயம் இருக்கும் என்பதற்கு அது மிகச் சிறிய விலை. பைண்டிங்கிலிருந்து கட்டு வந்த அன்றே நான்கு பொட்டலத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். வெளியீட்டு விழா முடியட்டும் என்று தள்ளினால் அது நடக்காது.

இனி அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறோம். தலைப்பையும் பெயரையும் தட்டச்சு செய்வதிலேயே சிக்கல் தொடங்குகிறது. பக்க வடிவமைப்புக்கு இன்னும் பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல்தான் வரும், அதை உடனே கண்டுபிடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் ஆபத்தானது. ‘கௌரி’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் கெ, ள, ரி என்று அடித்தால் ‘கெளரி’ என்று வரும். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். ‘ஔவை’யும் ‘ஒளவை’யும் அப்படியே. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு வகைக் கோவை புழக்கத்தில் இருக்கிறது, ஒன்று ‘ஸ’வில் தொடங்குவது, மற்றது ‘ஶ’வில் தொடங்குவது. ஒரே ஆசிரியரின் நூல்கள் ஒரே கடையின் பட்டியலில் இரண்டு பெயரின் கீழ் பிரிந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உங்கள் ஆசிரியர்கள் எல்லாருடைய பெயரையும் சரியாக அடித்து ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி உண்டா, இடைவெளி உண்டா, ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதையும் ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டு முடிவுசெய்துவிட்டால் போதும்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் கூடுதலாகச் சில விவரங்கள் வேண்டும். மூல நூலின் தலைப்பு, அது எந்த மொழி, முதலில் வெளிவந்த ஆண்டு, மூலத்திலிருந்தே நேராக மொழிபெயர்த்ததா இடையில் ஆங்கிலம் வழியாக வந்ததா. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் பலரும் தயங்குகிறார்கள். ஆங்கிலம் வழியாக வந்தது என்று சொல்வதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. எந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து என்று சேர்த்துச் சொன்னால் வாசகர் அந்தப் பதிப்பகத்தைக் கூடுதலாக நம்புவார். மறைத்தால் யாராவது ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்து எழுதுவார்கள்.

நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களையும், இறந்து 60 ஆண்டு கடந்து பதிப்புரிமை முடிந்தவர்களையும் மறுபதிப்புச் செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் மூலபாடம் எது? முதல் பதிப்பா, ஆசிரியர் கையாலேயே திருத்திய பிந்தைய பதிப்பா, இதழில் தொடராக வந்த வடிவமா, இணையத்தில் கிடைத்த கோப்பா? ஒரே நாவலை ஆறு பதிப்பகங்கள் ஒரே ஆண்டில் வெளியிடும் சூழலில், உங்கள் பதிப்பை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே நியாயமான விடை அதுதான். இன்ன ஆண்டுப் பதிப்போடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்த்தது, விடுபட்ட இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்தது என்று அறிவிப்பில் ஒரு வரி இருந்தால் நாங்கள் அந்த நூலைக் கண்ணுக்கு நேரான அடுக்கில் வைப்போம். கட்டுரைத் தொகுப்பென்றால் எந்தக் கட்டுரை எந்த இதழில் எப்போது வந்தது, எது புதிது என்பதும், முந்தைய தொகுப்பில் ஏற்கெனவே வந்தவை எவை என்பதும் வேண்டும். பெயரை மாற்றி வந்த பழைய தொகுப்பை மறுபடி வாங்கிவிட்ட வாசகர் உங்களிடம் வருவதில்லை. கடையில் எங்களைத்தான் கேட்கிறார்.

‘முதல் பதிப்பு’, ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடுவதில் ஒழுங்கு குலைந்து நெடுங்காலம் ஆயிற்று. எதையும் மாற்றாமல் மறுபடி அடித்தால் அது மறு அச்சு. பழைய ஐஎஸ்பிஎன் (பன்னாட்டுத் தர நூல் எண்) எண்ணே அதற்கும் தொடரும். பாடத்தைக் கணிசமாகத் திருத்தினால், சேர்த்தால், நீக்கினால் அது திருத்திய பதிப்பு, புதிய எண் வேண்டும். கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண். வேறொரு பதிப்பகத்திலிருந்து உங்களிடம் வந்த நூலுக்குப் பழைய பதிப்பகத்தின் எண்ணைப் போடக்கூடாது, அந்த எண்ணுக்குள் அவர்களுடைய அடையாளம் இருக்கிறது. ராஜா ராம்மோகன் ராய் முகமை இந்தியாவில் இதை இலவசமாகவே தருவதால் மிச்சம் பிடிக்க ஒரே எண்ணை இரண்டு நூலுக்குப் போட வேண்டிய தேவை இல்லை. எண் வரத் தாமதமாகலாம் என்பதால் மெய்ப்பு தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன் எண்ணைச் சரிபார்ப்பது எளிது. முதல் 12 இலக்கங்களை இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என மாறிமாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். அந்தத் தொகையை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு தேவையோ அதுதான் 13ஆம் இலக்கம். ஏற்கெனவே பத்தின் மடங்காக இருந்தால் சுழியம். ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும். பார்கோடை அட்டையின் நிறத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சிவப்பிலோ ஆரஞ்சிலோ போடாதீர்கள், கடையின் சிவப்பு ஒளிக்கருவிக்கு அந்தக் கோடுகள் தெரியவே தெரியாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடு, இருபுறமும் கொஞ்சம் வெற்றிடம், மூல அளவில் 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்காமல் இருப்பது, இவை மூன்றும் போதும்.

தேவைக்கேற்ப 50, 100 பிரதி என்று அடித்துக்கொள்ளும் முறை சிறு பதிப்பகங்களை வாழவைத்திருக்கிறது. அதில் ஒரு கேடும் உண்டு. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நாலு பிழையைத் திருத்துகிறோம், ஒரு பின்னுரை சேர்க்கிறோம், விலையைக் கூட்டுகிறோம். நூல் விவரப் பக்கத்தில் ‘முதல் பதிப்பு: டிசம்பர் 2019’ அப்படியே இருக்கும். இரண்டு வாசகர் கையில் ஒரே பதிப்பென்று வேறு வேறு பாடம் இருக்கும், பக்க எண் குறித்து மேற்கோள் காட்டிய ஆய்வு மாணவர் தவிப்பார். ஒவ்வொரு அச்சுக்கும் மாதமும் ஆண்டும் சேர்த்து ஒரு வரி கூட்டினால் இது தீரும். பிரதி எண்ணிக்கையையும் போடுங்கள் என்போம். 200 பிரதி என்று போட வெட்கப்பட வேண்டியதில்லை, நூலின் வரலாற்றுக்கு அந்த எண் தேவை.

பக்க எண்ணிக்கையும் விலையும் முடிவாகாமல் அறிவிக்க வேண்டாம். அச்சகம் 16 பக்கத்தை ஒரு ஃபாரமாகக் கணக்கிடுகிறது. 12 ஃபாரம் 192 பக்கம், 13 ஃபாரம் 208 பக்கம். நீங்கள் 195 பக்கம் என்று அறிவித்த நூல் இரண்டில் ஒன்றுக்கு வந்து நிற்கும், அல்லது அரை ஃபாரம் சேர்த்து 200இல் நிற்கும். முதுகின் அகலமும் அதற்கேற்ப மாறும். முன்கூட்டியே செய்த அட்டையில் முதுகு எழுத்து ஒருபக்கம் ஒதுங்கி முன்னட்டைக்கு வழிவது இதனால்தான். பக்கம் முடிவான பிறகு, அதே தாளில் ஒரு வெற்று மாதிரி கட்டித் தரச்சொல்லி அளந்துவிட்டு அட்டையை முடியுங்கள். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) ஒன்றாக இருந்தாலும் மேப்லித்தோவும் பருமனான நேச்சுரல் ஷேடு தாளும் ஒரே தடிமன் வராது.

எடையைச் சொல்கிறவர் யாருமில்லை. எங்களுக்கும் தபாலில் வாங்கும் வாசகருக்கும் அது மிகவும் பயன்படும். கணக்கு எளியது. 18.6 கிலோ என்பது 23க்கு 36 அங்குலத் தாள் 500 கொண்ட ஒரு ரீமின் எடை, அதாவது 70 ஜி.எஸ்.எம். வெட்டிய டெமி நூலில் (14 × 21.5 செ.மீ.) ஓர் இதழ், அதாவது இரண்டு பக்கம், ஏறத்தாழ 2.1 கிராம். 208 பக்க நூலுக்கு 104 இதழ், 219 கிராம். 300 ஜி.எஸ்.எம். அட்டை இன்னொரு 19 கிராம். ஆக 238 கிராம். உறையும் அட்டைத் தாங்கலும் சேர்த்தால் 270, 280க்குள் முடியும். பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திய அஞ்சல் துறை, 2025 மே 1 முதல் கொண்டுவந்த ஞான் போஸ்ட் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. 224 பக்கம் வரையுள்ள நூல் அந்த முதல் படியில் அடங்கும். 256 பக்கம் என்றால் உறையோடு தாண்டிவிடும். ஒரு ஃபாரம் கூடுவதா குறைவதா என்று முடிவெடுக்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள். அந்தச் சேவைக்கு நூலில் அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும், வணிக விளம்பரம் இருக்கக்கூடாது. நூலின் பின்பக்கங்களில் உங்கள் மற்ற வெளியீடுகளின் பட்டியல் இருந்தால் அதற்குத் தடையில்லை.

முன்வெளியீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. அச்சுச் செலவுக்கு முன்பணம் தேவை என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் வாசகருக்கு நேரடியாக 30 விழுக்காடு கழித்துக் கொடுத்துவிட்டு, கடைக்கு 35 விழுக்காடு கழிவில் அதே நூலை அனுப்பினால் அதை விற்க எங்களால் முடியாது. அனுப்பும் செலவு போக எங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. சலுகைக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு நீங்களும் கடை விலைக்கே விற்கவேண்டும். அது நடந்தால் முன்பதிவு நூலையும் நாங்கள் மகிழ்ச்சியோடு பரிந்துரைப்போம்.

தேதி சொல்வதிலும் நிதானம் தேவை. நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் நாட்காட்டி, டைரி வேலையில் மூழ்கியிருக்கும். போதாக்குறைக்கு மழை. ஈரக்காற்றில் ஒருபக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டை சுருளும்; பசை சரியாகக் காயுமுன் கட்டி அனுப்பிய நூலில் முதல் வாசிப்பிலேயே நடு ஃபாரம் கையோடு வரும். காட்சிக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்ற அவசரத்தில் பைண்டரிடமிருந்து இரண்டு நாளைப் பிடுங்குவதுதான் இதற்குக் காரணம். அறிவிப்பில் ‘மெய்ப்பில்’, ‘அச்சில்’, ‘கட்டுமானத்தில்’, ‘கையிருப்பில்’ என்று நிலையை மட்டும் சொல்லுங்கள்; தேதியைக் கட்டு வந்த பிறகு சொல்லலாம். காட்சிக்கு முடியாத நூலைப் பிப்ரவரியில் வெளியிடுங்கள். ஜனவரியில் நூற்றுக்கணக்கான நூல்களுக்கு நடுவே வந்து காணாமற்போவதைவிட, மதிப்புரை எழுதுகிறவர்களின் மேசை காலியாக இருக்கும் பிப்ரவரியில் வருவது அந்த நூலுக்கு நல்லது. எங்கள் அடுக்குகளிலும் அப்போது இடம் இருக்கும்.

பின்னட்டைக் குறிப்பில் ‘வாசிப்பவரின் மனசாட்சியை உலுக்கும் படைப்பு’ என்று இருந்தால் எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கதை எங்கே, எந்தக் காலத்தில், யாரைப் பற்றி நடக்கிறது என்று நான்கு வரி, உள்ளடக்கப் பக்கம், முதல் அத்தியாயத்திலிருந்து ஐந்தாறு பக்கம் கொடுங்கள். அட்டைப் படம் சாய்க்காமல் நேராக, திரைக்கான ஆர்.ஜி.பி. நிறத்தில் ஒரு ஜேபெக் கோப்பாக இருக்கட்டும், கோப்பின் பெயராக ஐஎஸ்பிஎன் எண்ணையே வையுங்கள். அச்சுக்குப் போன சி.எம்.ஒய்.கே. கோப்பை அப்படியே அனுப்பினால் சில திரைகளில் நிறம் திரிந்து தெரியும். இத்தனையையும் மாதம் ஒருமுறை உங்கள் சொந்த இணையதளத்தில் நூலுக்கு ஒரு பக்கமாக ஏற்றிவிட்டு, சமூக வலைத்தளத்தில் அந்தப் பக்கத்தின் சுட்டியைக் கொடுங்கள். இணையதளம் இல்லாதவர்கள் எளிய அட்டவணைக் கோப்பு ஒன்றில் நூலுக்கு ஒரு வரி என எழுதிவந்தால்கூட எங்களுக்குப் போதும். ஈழத்து எழுத்தாளர்களின் நூல்களை வெளியிடுகிறவர்கள் அந்த வரியை ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தாருக்கும் அனுப்பினால் நல்லது. 2005 முதல் இலங்கைத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துவரும் இடம் அது.

ஒரு நூல் தீர்ந்துபோனால் அதையும் அறிவியுங்கள். புதிய நூலுக்கு ஐந்து பதிவு போடுகிறவர்கள் தீர்ந்த நூலைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. அதனால் இல்லாத நூலுக்கு ஆர்டர் எடுத்து, பணம் வாங்கி, ஒரு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கிறோம். மறு அச்சு உண்டா, உரிமை ஆசிரியரிடமே திரும்பிவிட்டதா, வேறு பதிப்பகத்துக்குப் போயிற்றா, மின்னூல் இருக்கிறதா என்று அந்த நூலின் பக்கத்திலேயே எழுதிவிட்டுப் பக்கத்தை அழிக்காமல் விட்டுவையுங்கள். விற்பனை முடிந்த நூலின் பக்கத்தை எடுத்துவிடுவது இப்போது வழக்கமாக இருக்கிறது. பல நூல்களுக்கு அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறு பதிவே கிடையாது.

அன்புடன்,
புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் நூற்பட்டியல் பணியிலும் இருப்போர்